பீப்பாயில் விழுந்த காசு: ஹிரோஷிமா கார்ப் அணியின் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 6 என்றதும் நமக்கு ஹிரோஷிமா நினைவுக்கு வரும். 1945, காலை 8 மணி 15 நிமிடம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்துபோனார்கள் என்பது வரை படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த ஊர் என்ன ஆயிற்று, உயிரோடு மிஞ்சியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நம்மிடம் பதில் இருக்காது. நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான். அதை ஒரு விளையாட்டு அணியின் வழியாகச் சொல்லப்போகிறேன். அணியின் பெயர் ஹிரோஷிமா கார்ப். ஆட்டம் பேஸ்பால்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி மட்டையை எடுக்கும். பந்து வீசுபவர் பிட்ச்சர், அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்ச்சர். மைதானத்தின் மூலைகளில் உள்ள பேஸ் என்னும் மூன்று நிலைகளையும் தொட்டுச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தை மிதித்தால் ஒரு ரன். வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன். மீதியைக் கதையின் போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் அணி என்றால் அதன் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருக்கும். 1950இல் அந்நாட்டு லீக் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்றான சென்ட்ரல் லீகில் எட்டு அணிகள். யொமியூரி ஜயன்ட்ஸுக்கு ஒரு நாளிதழ், ஒசாகா டைகர்ஸுக்கு ஒரு ரயில் கம்பெனி, ஷோச்சிகு ராபின்ஸுக்கு ஒரு சினிமா கம்பெனி, டையோ வேல்ஸுக்கு ஒரு மீன்பிடி கம்பெனி. சம்பளம், ரயில் கட்டணம், மட்டை, பந்து எல்லாவற்றுக்கும் அவர்கள் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த ஹிரோஷிமாவுக்கு மட்டும் பின்னால் யாரும் இல்லை. மாகாண அரசும் சுற்றியுள்ள நகராட்சிகளும் பங்கு போடும், பொதுமக்கள் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் அந்த அணியைத் தொடங்கினார்கள்.

குண்டு விழுந்து நாலரை ஆண்டுகூட ஆகவில்லை. ஊரே தகரக் கொட்டகைகளில் குடியிருந்த காலம். அப்போது போய் ஒரு விளையாட்டு அணி எதற்கு? நியாயமான கேள்வி. ஆனால் ஹிரோஷிமா போருக்கு முன்பே பேஸ்பால் ஊர். அவ்வூர் வணிகப் பள்ளி, நாட்டின் பள்ளி அணிகளெல்லாம் மோதும் கோஷியென் கோடைப் போட்டியில் 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வென்ற பள்ளி. பையன்கள் தெருவில் பந்து விளையாடித்தான் வளர்ந்தார்கள். அந்தப் பையன்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மாலையில் போய்ச் சத்தம் போட ஓரிடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 9ஆம் தேதி, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பகுதியில் டிராம் வண்டியை ஓட்டிய ஊர் அது. வீடு முழுதாக எழும்பும் வரை மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

கார்ப் என்பது கெண்டை இனத்து மீன். ஊரின் நடுவே ஓடும் ஓட்டா ஆற்றில் நிறைய உண்டு. ஹிரோஷிமாவின் பழைய கோட்டைக்கும் கெண்டைக் கோட்டை என்றொரு பெயர் உண்டு. அருவியை எதிர்த்து நீந்தி மேலேறும் மீன் என்று ஜப்பானியர்கள் அதைக் கொண்டாடுவார்கள். மே மாதம் ஆண் குழந்தைகளுக்காக வீட்டு வாசலில் துணியால் செய்த கெண்டைமீன்களைப் பறக்கவிடுவார்கள். அந்தப் பெயரை அணிக்கு வைத்தார்கள்.

முதல் மேலாளர் ஷூய்ச்சி இஷிமோட்டோ. ஊர்க்காரர். நான் சொன்ன அந்த வணிகப் பள்ளி அணியை வெல்ல வைத்தவர், பிறகு ஒசாகா டைகர்ஸ் அணிக்கும் பட்டம் வாங்கித் தந்தவர். கட்சுமி ஷிராய்ஷி என்ற இன்னொரு ஊர்க்காரர், ஜயன்ட்ஸ் அணியின் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்), சொந்த ஊருக்காகத் திரும்பி வந்தார். மற்றபடி வேறு அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களும் புதுமுகங்களும்தான். முதல் ஆண்டு 41 வெற்றி, 96 தோல்வி. எட்டாவது இடம், அதாவது கடைசி.

தோல்வியைவிடப் பெரிய தொல்லை பணம். எதிர்பார்த்த பங்குத்தொகை வந்து சேரவில்லை. சம்பளம் தள்ளிப்போனது. வெளியூர் ஆட்டத்துக்கு மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, அந்தக் களைப்போடு காலையில் இறங்கி ஆடினார்கள். இரண்டாம் பருவம் தொடங்கும் முன்பே, 1951 மார்ச்சில், அணியை டையோ வேல்ஸோடு இணைத்துவிடலாம் என்று நிர்வாகக் குழு முடிவுக்கு வந்துவிட்டது. இணைப்பு என்பது மரியாதையான சொல். கார்ப் இருக்காது என்பதுதான் பொருள்.

செய்தி வானொலியில் வந்ததும் ரசிகர்கள் சிலர் நேரே அணி அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். கலைக்காதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். ஆட்டத்துக்காக ஒசாகா அருகே உள்ள கோஷியென் மைதானத்துக்குப் போக ரயில் செலவுக்கே வழியில்லை என்று பேச்சு வந்தபோது, தேவைப்பட்டால் அங்கே நடந்தே போகிறேன் என்று ஷிராய்ஷி சொன்னதாக ஒரு கதை இன்றும் அவ்வூரில் வழங்குகிறது. ஹிரோஷிமாவிலிருந்து கோஷியென் முந்நூறு கிலோமீட்டருக்கு அருகில். இஷிமோட்டோ எழுந்து, ஊர் ஊராக ஆதரவாளர் சங்கம் அமைப்போம், பணத்தை மக்களிடமே கேட்போம் என்று அறிவித்தார். அணி பிழைத்தது.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மைதானத்தில் ஆட்டத்தை உதவியாளர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடக் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் போய் நின்று பேசினார். எங்கள் அணியின் நிலைமை இதுதான், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்றார். மேலாளரின் வேலை ஆட்டத்தை நடத்துவது என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அணியை உயிரோடு வைத்திருப்பதே வேலையாக இருந்தது.

மைதான வாசலில் பீப்பாய்களை வைத்தார்கள். சாக்கே என்னும் அரிசி மது வரும் மரப் பீப்பாய். வைக்கோல் பாய் சுற்றியிருக்கும். உள்ளே போகிறவர்கள் சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சியதை அதற்குள் போட்டார்கள். கசங்கிய நோட்டு, சில்லறை. ஜப்பானிய மொழியில் இதற்கு 'தாரு போகின்' என்று பெயர், பீப்பாய் நிதி. இன்றும் ஹிரோஷிமாவில் யாரிடம் இந்தச் சொல்லைச் சொன்னாலும் கார்ப் கதையைச் சொல்வார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். போட்டவர்கள் பணக்காரர்கள் அல்லர். நாட்டிலேயே அதிகமாக இழந்த ஊரின் மக்கள், தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணிக்காகத் தங்கள் பையைத் துழாவினார்கள். அந்த ஆண்டும் கார்ப் கடைசி இடம்தான்.

அடுத்த ஆண்டு புதிய கண்டம். சென்ட்ரல் லீகில் ஏழு அணிகள் மிஞ்சியிருந்தன. ஏழு என்றால் ஆட்ட அட்டவணையில் எப்போதும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டும். வெற்றி விகிதம் .300க்கும் கீழே, அதாவது பத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போகும் அணியைக் கலைப்பது பற்றி முடிவெடுக்கலாம் என்று பருவத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொண்டார்கள். அது யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு அணியின் ஒரே நல்ல பிட்ச்சர் ரியோஹெய் ஹசெகாவாவின் ஒப்பந்தத் தாள் உரிய நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் தன் சொந்த ஊரான நகோயா பக்கம் போக இருந்தார். பெரும் சிக்கலுக்குப் பிறகு பருவம் தொடங்கும் நேரத்தில்தான் திரும்பி வந்தார். அந்த ஆண்டு முடிவில் ஷோச்சிகு ராபின்ஸ் விகிதம் .288. கார்ப் .316. சினிமா கம்பெனியின் அணி கலைந்து டையோவோடு சேர்ந்தது. பீப்பாய்க் காசில் நின்ற அணி பிழைத்தது.

ஹசெகாவாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. உயரம் 167 சென்டிமீட்டர். மெலிந்த உடம்பு. பக்கவாட்டிலிருந்து கையை வீசிப் பந்தை வளைப்பார். 1955இல் மட்டும் 30 ஆட்டங்களை வென்று கொடுத்தார். வாழ்நாள் கணக்கு 197 வெற்றி, 208 தோல்வி. ஜயன்ட்ஸ் போன்ற அணியில் இருந்திருந்தால் அந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்கும் அணியில் இருந்துகொண்டு 197 வெல்வதை நான் எந்தச் சாதனைக்கும் குறைவாக வைக்கமாட்டேன்.

கடல் கடந்தும் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியரில் ஹிரோஷிமா மாகாணத்தார் மிகுதி. போர்க்காலத்தில் அவர்களை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. ஹிரோஷிமாவில் பிறந்த கெனிச்சி செனிமுரா என்பவர் அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில், பாலைவன மண்ணை வெட்டிச் சமப்படுத்திப் பேஸ்பால் மைதானமே அமைத்தவர். அவருடைய இரண்டு மகன்கள் 1953இல் கார்ப் அணிக்கு ஆட வந்தார்கள். இன்னொரு முகாமில் இளமையைக் கழித்த ஃபிப்பர் ஹிராயாமா 1955இல் வந்து பத்து ஆண்டுகள் ஆடினார். ஆள் குள்ளம். பந்துக்காக வேலியில் போய் மோதுவதற்கும் அஞ்சமாட்டார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

1957இல் ஹிரோஷிமா நகராட்சி மைதானம் எழுந்தது. உள்ளூர் நிறுவனங்கள் பத்து சேர்ந்து 16 கோடி யென் கொடுத்தன. அதன் இடம்தான் முக்கியம். டிராம் பாதையைத் தாண்டினால் எதிரே அணுகுண்டுக் குவிமாடம், அந்தக் கூடு மட்டும் நிற்கிற கட்டடம். இந்தப் பக்கம் இரவு விளக்குகள், கூச்சல், ஆட்டம். இறந்தவர்களுக்கு எதிரே நின்று கைதட்டுவது மரியாதைக் குறைவல்லவா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அவ்வூர் மக்கள் அப்படி நினைக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 6ஆம் தேதி மட்டும் அங்கே ஆட்டம் கிடையாது. 1958க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நாளில் சொந்த ஊரில் கார்ப் ஆடவில்லை. புதிய மைதானத்துக்கு மாறிய பின்பு, 2011இல், 53 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முதன்முறையாக ஆடினார்கள். இப்போது அந்நாளையொட்டிய ஆட்டத்தில் ரசிகர்கள், சிவப்புத் தாள்களுக்கு நடுவே, குவிமாடத்தின் 25 மீட்டர் உயரத்துக்குச் சமமான வரிசையில் பச்சைத் தாள்களைப் பிடிக்கிறார்கள். 2015இல் ஆட்டக்காரர் அத்தனை பேரும் 86 என்ற ஒரே எண்ணை அணிந்து ஆடினார்கள். எட்டாம் மாதம், ஆறாம் தேதி.

அறுபதுகளை விரைவாகக் கடக்கிறேன். 1960இல் முதன்முறையாகத் தோல்வியைவிட வெற்றி அதிகம். அதுவும் 62க்கு 61. இந்த அணி மே மாதத் துணிக்கெண்டைகள் பறக்கும் வரைதான் தாக்குப்பிடிக்கும் என்பது மற்ற ஊர்க்காரர்களின் கேலி. 1968இல் டோயோ கோக்யோ, அதாவது பின்னாளில் மாஸ்டா என்று பெயர் மாறிய கார் நிறுவனம், பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, அணி ஹிரோஷிமா டோயோ கார்ப் ஆனது. அப்போதும் மற்ற அணிகளுக்கு நிறுவனங்கள் நட்டத்தை ஈடுகட்டிக் கொடுத்ததுபோல இங்கே நடக்கவில்லை. சீட்டு விற்று, தன் வரவில்தான் வாழ வேண்டும். இன்றுவரை அப்படித்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1965இல் ஜப்பானில் டிராஃப்ட் முறை வந்தது. அதற்கு முன் பணமுள்ள அணி நல்ல பையனைக் கொத்திக்கொண்டு போய்விடும். இனி அணிகள் முறைவைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஏழை அணிக்கு இது பெரிய கதவு. அந்தக் கதவு வழியே வந்தவர் கோஜி யமமோட்டோ. குண்டு விழுந்த அடுத்த ஆண்டு, 1946இல், ஹிரோஷிமாவிலேயே பிறந்த பிள்ளை. அவருக்குச் சற்று முன்பே, 1965இல், கியோட்டோவிலிருந்து சச்சியோ கினுகாசா வந்திருந்தார். கினுகாசாவின் தந்தை அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஒரு கறுப்பினத்தவர், தாய் ஜப்பானியர். அன்றைய ஜப்பானில் அந்தத் தோற்றத்தோடு வளர்வது எளிதாக இருந்திருக்காது. இந்த இருவரும்தான் அணியின் தூண்கள். ஆனாலும் 1972, 73, 74 மூன்று ஆண்டும் கடைசி இடம்.

இப்போது 1975. ஜோ லூட்ஸ் என்ற அமெரிக்கரை மேலாளராக அமர்த்தினார்கள். ஜப்பானிய அணிக்கு அமெரிக்காவின் பெரிய லீகில் ஆடிய ஒருவர் மேலாளராக வருவது அதுவே முதல்முறை. அவர் முதலில் செய்தது, கருநீலத் தொப்பியைச் சிவப்பாக்கியது. உடை முழுவதையும் மாற்ற ஆசை. பணம் தொப்பிக்கும் ஹெல்மெட்டுக்கும்தான் போதுமாக இருந்தது. ஆண்கள் அணியும் நிறமா இது என்று ஆட்டக்காரர்களே கூச்சப்பட்டார்களாம். ஏப்ரல் மாதமே நடுவருடன் ஒரு தகராறில், நிர்வாகம் மைதானத்துக்குள் தலையிட்டது பிடிக்காமல் லூட்ஸ் விலகிவிட்டார். சிவப்புத் தொப்பி மட்டும் நிலைத்துவிட்டது. பொறுப்பு டகேஷி கோபாவிடம் வந்தது. ஜூலையில் கோஷியெனில், எல்லா அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களும் கூடி ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்தில், யமமோட்டோவும் கினுகாசாவும் ஆளுக்கு இரண்டு ஹோம் ரன் அடித்தார்கள். சிவப்பு ஹெல்மெட் சூறாவளி என்று நாளிதழ்கள் எழுத ஆரம்பித்தன.

அக்டோபர் 15, டோக்கியோவின் கொராக்குயென் மைதானம், எதிரணி ஜயன்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் கெய்ல் ஹாப்கின்ஸ் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னோடு 4–0. கார்ப் முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றது. பிறந்து 26ஆவது பருவம். (அந்த ஹாப்கின்ஸ் ஹிரோஷிமாவில் இருந்தபடியே மருத்துவப் படிப்புக்குத் தயாரானவர், பிறகு அமெரிக்காவில் மருத்துவராகவே ஆனார்.) நாட்டுக்கே செல்லப்பிள்ளையான ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது.

அதற்கடுத்து நடந்த ஊர்வலத்தைத்தான் நான் இந்தக் கதையின் மையமாக வைக்கிறேன். அக்டோபர் 20, அமைதிப் பெருஞ்சாலை. குண்டுக்குப் பின் இடிபாட்டை அகற்றி, நூறு மீட்டர் அகலத்தில் ஊரின் குறுக்கே போட்ட சாலை அது. திறந்த கார்களில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இருபுறமும் மூன்று லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் சிலர் கையில் சட்டம் போட்ட புகைப்படங்கள். இறந்துபோன அப்பா, அண்ணன், கணவன். வெற்றியைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்களுக்குக் காட்டுவதற்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காரிலிருந்து அதைப் பார்த்த ஆட்டக்காரர்கள் அழுதார்கள். பீப்பாயில் காசு போட்டவர்களில் எத்தனையோ பேர் அந்த 24 ஆண்டுகளில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்தச் சாலையில் அன்று திரண்ட கூட்டம்தான், 1977 முதல் ஆண்டுதோறும் மே மாதம் அங்கே நடக்கும் மலர்த் திருவிழாவுக்கு வித்து.

1979க்கு வருவோம். லீக் பட்டத்தோடு, இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரிஸ் என்னும் இறுதிப் போட்டி. எதிரணி ஒசாகாவின் கின்டெட்சு பஃபலோஸ். ஆளுக்கு மூன்று வென்று, ஏழாவது ஆட்டம், நவம்பர் 4, ஒசாகா மைதானம். மழை தூறிக்கொண்டிருந்தது. கார்ப் 4, கின்டெட்சு 3. கடைசி இன்னிங்ஸ். பந்து வீசும் மேட்டில் நிற்பவர் யுடகா எனாட்சு, பருத்த உடம்பும் நிதானமான நடையுமாக ஓர் இடக்கை பிட்ச்சர். முதல் ஆளே அடித்துவிட்டு முதல் பேஸில் நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாக ஓட வந்த ஃபுஜிசே இரண்டாவது பேஸுக்குத் திருட்டோட்டம் ஓடினார், அதாவது அடிக்குக் காத்திருக்காமல் பந்து வீசும் நேரத்திலேயே ஓடினார். கேட்ச்சர் எறிந்த பந்து தவறிப்போக மூன்றாவதுக்கே போய்விட்டார். அடுத்தவருக்கு நாலு பந்தும் விலகிப்போய் இலவசமாக முதல் பேஸ். அவருக்குப் பதிலாக ஓட வந்தவரும் திருட்டோட்டம். வேறு வழியின்றி இன்னொருவரையும் வேண்டுமென்றே பேஸுக்கு அனுப்பினார்கள். மூன்று பேஸிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. ஒரு ரன் வந்தால் சமன், இரண்டு வந்தால் எல்லாம் முடிந்தது.

அந்த நேரத்தில் எனாட்சு ஓரக்கண்ணால் பார்க்கிறார்: மைதான ஓரத்தில் வேறு பிட்ச்சர்கள் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். என்னை நம்பவில்லையா என்று அவருக்குச் சுருக்கென்றது. முதல் பேஸில் நின்ற கினுகாசா மெல்ல நடந்து மேட்டுக்கு வந்தார். உன் மனசு எனக்குப் புரிகிறது, நீ போனால் நானும் வருகிறேன் என்கிற மாதிரி சொன்னார். எனாட்சுவின் கோபம் அடங்கியது. அந்தச் சில நொடிகள்தான் பட்டத்தை வாங்கித் தந்தன என்று எனாட்சுவே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து மட்டையெடுத்தவரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார் (அடிக்கத் தவறினாலோ, அடிக்க வேண்டிய பந்தை விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக்; மூன்றானால் அவுட்). அடுத்து வந்தவர் இஷிவாடா. மட்டையைச் சும்மா நீட்டிப் பந்தை உள்வட்டத்திலேயே உருளவிட்டு, அதற்குள் மூன்றாவது பேஸ் ஆளை ஓடிவரச் செய்யும் உத்தி ஒன்று உண்டு, ஸ்குவீஸ் என்பார்கள். அதைச் செய்தார்கள். எனாட்சு இடக்கைக்காரர், மூன்றாவது பேஸ் அவர் முதுகுப்பக்கம். கை சுழன்றுகொண்டிருக்கிறது, விரல்கள் வளைபந்துக்கான பிடியில் இருக்கின்றன. அடிப்பவரின் மட்டை தாழ்வது கண்ணில் பட்டதும், அதே பிடியோடு, அந்தக் கணத்தில், பந்தை உயரத்தில் வெளியே தள்ளிவிட்டார். நீட்டிய மட்டைக்கு எட்டவில்லை. கேட்ச்சர் மிசுநுமா எழுந்து பிடித்தார். பாதி வழி வந்துவிட்ட ஃபுஜிசே அவுட். வளைபந்துப் பிடியில் அப்படி வெளியே வீச முடியுமா, அது திட்டமிட்டதா தற்செயலா என்று ஜப்பானில் இன்றும் வாதம் நடக்கிறது. வீசியவர் திட்டமிட்டுத்தான் என்கிறார். நான் அவரை நம்புகிறேன். பிறகு இஷிவாடாவும் ஸ்ட்ரைக் அவுட். அந்த இன்னிங்ஸில் மொத்தம் 21 பந்துகள். கார்ப் ஜப்பான் சாம்பியன்.

கினுகாசாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அதே 1979 ஆகஸ்ட் 1ஆம் தேதி பந்து பட்டு அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த நாள் மாற்று ஆட்டக்காரராக மட்டையோடு வந்து நின்றார். எதிரே ஜயன்ட்ஸின் பிட்ச்சர் எகாவா. மூன்று பந்துக்கும் முழுவீச்சாக மட்டையைச் சுழற்றி, மூன்றையும் தவறவிட்டு வெளியே போனார். முதல் வீச்சு ரசிகர்களுக்காக, இரண்டாவது எனக்காக, மூன்றாவது என்மேல் பந்தை எறிந்துவிட்டு மனம் நொந்துபோன நிஷிமோட்டோவுக்காக என்று அவர் சொன்னது ஜப்பானில் பலருக்கு மனப்பாடம். 1970 முதல் 1987 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் 2,215 ஆட்டங்கள் ஆடினார். அமெரிக்காவின் லூ கெரிக் வைத்திருந்த 2,130 என்ற கணக்கை 1987 ஜூனில் தாண்டினார். 1996இல் அமெரிக்க ஆட்டக்காரர் கேல் ரிப்கன் அவரை முந்தியபோது, கன்சாஸ் சிட்டிக்கே நேரில் போய்ப் பாராட்டினார். யமமோட்டோவின் 8ஆம் எண்ணும் கினுகாசாவின் 3ஆம் எண்ணும் அணியில் வேறு யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை.

1980, 1984 ஆண்டுகளிலும் ஜப்பான் சாம்பியன். 1986இலும் 1991இலும் லீக் பட்டம். 1991இல் ஒரு துயரம் கூடவே இருந்தது. சுனெமி சுடா என்ற வேகப் பிட்ச்சர், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து நேர்ப்பந்தாகவே போட்டு முடிப்பவர், மூளைக் கட்டியோடு மருத்துவமனையில் கிடந்தார். அவருக்காக என்று சொல்லித்தான் மற்றவர்கள் அந்தப் பட்டத்தை வென்றார்கள். 1993இல், 32 வயதில், அவர் இறந்தார். மனத்தளர்ச்சியே பெரிய பகை என்பது அவர் கைப்பட எழுதிவைத்துக்கொண்ட வாசகம். அவர் நினைவாக நகராட்சி மைதானத்தில் ஒரு பலகை பதித்தார்கள். பின்வந்த பிட்ச்சர்கள் மேட்டுக்குப் போகும் முன் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நீண்ட வறட்சி. 1993இல் ஃப்ரீ ஏஜன்ட் முறை வந்தது. சில ஆண்டு ஆடிய பிறகு ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆட்டக்காரர்களுக்கு அது நியாயமான உரிமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் டிராஃப்ட் திறந்துவிட்ட கதவை அது ஏழை அணிக்குப் பாதி மூடிவிட்டது. கவகுச்சி ஜயன்ட்ஸுக்குப் போனார். எட்டோவும் அங்கேயே. கனெமோட்டோ ஹான்ஷின் டைகர்ஸுக்கு, பழைய ஒசாகா டைகர்ஸ்தான் அது. அராய் ஹான்ஷினுக்கு. வளர்த்து ஆளாக்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 1998 முதல் 2012 வரை பதினைந்து ஆண்டுகள் ஆறு அணிகளில் முதல் மூன்றுக்குள் வரவே இல்லை. 2004இல் கின்டெட்சு அணி இணைப்பில் மறைந்தபோது, அடுத்தது கார்ப்தானோ என்ற பயம் ஊரைப் பிடித்தது. அப்போது மக்கள் எதை எடுத்தார்கள்? மறுபடி பீப்பாயை. புதிய மைதானத்துக்காகத் தெருவில் வைத்து நிதி திரட்டினார்கள். பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த நிலத்தில், ரயிலில் போகிறவர்களுக்கும் ஆட்டம் ஒரு கணம் தெரிகிறபடி, இயற்கைப் புல் விரித்த மாஸ்டா மைதானம் 2009இல் திறந்தது. அங்கே பெண்களும் குழந்தைகளும் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். மியாஜிமா தீவில் செய்யும் மரச் சோற்றுக் கரண்டிகளைத் தட்டிக்கொண்டு, பாதிப்பேர் எழப் பாதிப்பேர் உட்கார என மாறி மாறி எழுந்து உட்கார்ந்து கூவுவது அவ்வூர் வழக்கம்.

ஹிரோகி குரோடா 2006இல் ஃப்ரீ ஏஜன்ட் ஆகும் தகுதியோடு நின்றார். பருவத்தின் இறுதியில் சொந்த மைதானத்தில் ரசிகர்கள் மாபெரும் பதாகை ஒன்றை விரித்தார்கள். இதுவரை உன்னோடு சேர்ந்து போராடினோம், இனியும் போராடுவோம், நீ அழுதால் அந்தக் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்ற பொருள்பட எழுதியிருந்தது. குரோடா அந்த ஆண்டு போகவில்லை. 2008இல் அமெரிக்கா போய், டாட்ஜர்ஸுக்கும் யாங்கீஸுக்கும் ஏழு ஆண்டு ஆடினார். அங்கே அவருக்கு இன்னும் பெரிய தொகை காத்திருந்தபோதே, அதில் சிறு பகுதிச் சம்பளத்துக்கு, 40 வயதில், 2015இல் கார்ப்புக்குத் திரும்பி வந்தார். ஜப்பானில் ஆடினால் கார்ப்பில்தான் என்று போகும்போதே சொல்லியிருந்தவர். திரும்பிய முதல் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ரன் கொடுக்கவில்லை. அதே ஆண்டு அராயும் திரும்பினார். விட்டுப் போனபோது வசைபாடிய அதே ரசிகர்கள், அவர் மட்டையோடு வந்து நின்றதும் எழுந்து கைதட்டினார்கள்.

2016 செப்டம்பர் 10, டோக்கியோ டோம், மறுபடியும் ஜயன்ட்ஸ். தொடக்கப் பிட்ச்சர் குரோடா. 6–4. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம். குரோடாவும் அராயும் கட்டிப்பிடித்து அழுத படம் மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஹிரோஷிமா பகுதியில் அந்த ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். நவம்பரில் அதே அமைதிப் பெருஞ்சாலையில், 41 ஆண்டுக்குப் பின் ஊர்வலம். மறுபடியும் மூன்று லட்சம் பேர். குரோடா அத்தோடு ஓய்வு பெற்றார். அவருடைய 15ஆம் எண்ணையும் 3, 8 இரண்டோடு சேர்த்து எடுத்துவைத்தார்கள். 2017, 2018 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் தொடர்ந்தது.

ஜப்பான் சாம்பியன் பட்டம் மட்டும் 1984க்குப் பிறகு இன்னும் கைக்கு வரவில்லை. 2023இல் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றவர் அராய். ஹிரோஷிமாவிலேயே பிறந்தவர், 1975 ஊர்வலத்துக்குப் பின் பிறந்த தலைமுறை. ஒருமுறை போய்த் திரும்பி வந்தவரையே தலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவர் காலத்தில் அந்தப் பட்டம் வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.